பிழை முதலில், பேய் பிறகு: செவிலியரைப் பற்றிய அமானுஷ்யத் திகில் கதை எழுதத் தொடங்குவோருக்கு

அமானுஷ்யத் திகில் கதை எழுத வரும் புதியவர்கள் பெரும்பாலும் பேயிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நள்ளிரவு, ஆளில்லாத வராந்தா, வெள்ளுடை, விட்டுவிட்டு எரியும் குழல்விளக்கு எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டு, இந்தப் பேய் ஏன் இந்தச் செவிலியரைத் தேடி வருகிறது என்ற கேள்விக்கு இருபதாம் பக்கத்தில்தான் விடை தேடுகிறார்கள். என் முதல் மூன்று கைப்பிரதிகளும் அந்த இருபதாம் பக்கத்திலேயே நின்றுபோயின. பிறகு, என் தாயாருக்குத் துணையாக ஓர் அரசு மருத்துவமனையில் பதினோரு இரவுகள் தங்க நேர்ந்தது. இருட்டிய வராந்தாவில் தனியே நடந்து பழகிய அந்தச் செவிலியர்கள், குறிப்பேட்டில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருப்பதைக் கண்டால் மட்டும் முகம் மாறுவதை அங்கே பார்த்தேன். என் கதைக்கான அச்சம் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அதன்பின் நான் பின்பற்றிவரும் முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். விளக்குவதற்கு வசதியாக ஒரே கற்பனைக் கதையைத் தொடக்கம் முதல் இறுதிவரை கட்டிக்கொண்டு போகிறேன். அதன் நாயகி மரகதம், மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் மகப்பேறு வார்டில் பணிபுரியும் செவிலியர்.

முதல் படி: தவறை நிமிடக் கணக்கில் எழுதுங்கள்

கதையின் முதல் வரிக்கு முன்னால், தனித் தாளில், உங்கள் செவிலியர் செய்த தவறை மணியும் நிமிடமும் குறித்து எழுதிக்கொள்ளுங்கள். "அவளுடைய கவனக்குறைவால் ஒரு நோயாளி இறந்தார்" என்று எழுதினால் போதாது. எந்த மருந்து, எந்த அளவில், எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, கொடுக்கும் முன் எதைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்க வேண்டிய அந்த நேரத்தில் அவள் எங்கே இருந்தாள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசகருக்கு இவற்றில் பாதியைக்கூடச் சொல்லாமல் விடலாம். ஆனால் உங்களுக்கே தெரியாத ஒன்றை நினைத்து உங்கள் பாத்திரம் இரவெல்லாம் விழித்துக் கிடக்க முடியாது.

மரகதத்தின் கதைக்கு நான் தேர்ந்துகொள்வது மெக்னீசியம் சல்ஃபேட். கர்ப்பக் காலத்தில் இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வந்த பெண்களைக் காப்பாற்றும் மருந்து இது. வார்டில் "மேக் சல்ஃப்" என்பார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் பிரிட்சார்டு முறையில், தொடக்கத்தில் 4 கிராம் இரத்தக்குழாய் வழியாக மெதுவாகவும், பக்கத்துக்கு 5 கிராம் வீதம் இரண்டு பிட்டங்களிலும் சேர்த்து 10 கிராம் தசையிலும் செலுத்தப்படும். அதன்பின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றிப் போடப்படும். ஒவ்வோர் ஊசிக்கு முன்னும் மூன்றைப் பார்த்தாக வேண்டும்: முழங்காலுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் இறங்கியிருக்கிறதா. இம்மருந்து சிறுநீரகத்தின் வழியாகத்தான் உடலை விட்டு வெளியேறும். சிறுநீர் குறைந்தால் அது உள்ளே தேங்கும். தேங்கத் தேங்க முதலில் முழங்காலின் துள்ளல் அடங்கும், பிறகு மூச்சு அடங்கும், கடைசியில் இதயம் நிற்கும். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும்.

இனி அந்த இரவை எழுதலாம். மாலை 6 மணிக்கு, வீட்டிலேயே ஃபிட்ஸ் வந்த நிறைமாதப் பெண் ஒருத்தி தன் தாயுடன் வருகிறாள். முதல் மருந்து ஏற்றப்படுகிறது. இரவு 10 மணி ஊசியை, மூன்றையும் சரியாகப் பார்த்துவிட்டுத்தான் மரகதம் போடுகிறாள். 1.40-க்குப் பக்கத்து அறையில் பிரசவித்த ஒரு பெண்ணுக்கு இரத்தப்போக்கு நிற்காமல் போகிறது. அங்கே ஓடி, இங்கே ஓடி, 2 மணி ஊசியை எதையும் பாராமல் போட்டுவிட்டு மறுபடி அங்கே ஓடுகிறாள். சிறுநீர்ப் பை ஏறக்குறைய காலியாகக் கிடந்ததை அவள் கண் பார்த்தது; மனம் பார்க்கவில்லை. 2.30 முதல் 3.15-க்குள் அந்தப் பெண்ணின் தாய் மூன்று முறை வந்து அழைக்கிறாள். மூன்று முறையும் மரகதம் "வர்றேன்மா" என்கிறாள். 3.40-க்கு அவள் வந்தபோது அந்தப் பெண்ணும் வயிற்றுப் பிள்ளையும் உயிரோடு இல்லை.

இப்படி எழுதியதும் ஒன்று புரியும்: மரகதம் அன்றிரவு ஓர் உயிரைக் காப்பாற்றவும் செய்தாள். பக்கத்து அறைப் பெண் பிழைத்துக்கொண்டாள். 1.40-க்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட அந்த இருபது நிமிடங்களில் யாராக இருந்தாலும் எங்கே நின்றிருப்போம் என்று வாசகர் தம்மையே கேட்டுக்கொள்ளும்படியாகத் தவறு அமைய வேண்டும். சோம்பலாலோ கொடுமையாலோ நேர்ந்த தவறென்றால், பேய் வந்தது நியாயம் என்று வாசகர் முதல் அத்தியாயத்திலேயே தீர்ப்பெழுதிவிடுவார். அதன்பின் அவருக்கு அச்சம் இராது.

உண்மையில் நடந்த ஒரு வழக்கையும் படித்துப் பார்க்கச் சொல்வேன். 2017 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ராடோண்டா வாட் என்னும் செவிலியர், ஸ்கேன் எடுப்பதற்கு முன் பதற்றம் தணியக் கொடுக்க வேண்டிய வெர்செட் மருந்துக்குப் பதிலாக, தசைகளை முடக்கும் வெக்குரோனியத்தை ஒரு முதிய பெண்ணுக்குச் செலுத்திவிட்டார். மருந்துப் பெட்டி இயந்திரத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டியபோது வந்த தவறான மருந்து அது. வெர்செட் நீர்மம், வெக்குரோனியமோ கரைத்துச் செலுத்த வேண்டிய பொடி. பொடியைக் கரைத்த அந்தச் சில நொடிகளில் அவர் கைகள் நின்றிருக்கலாம் என்பது எந்த ஆவியைவிடவும் என்னை அதிகம் நடுங்கவைத்த விவரம். அவர் தம் தவறைத் தாமே ஒப்புக்கொண்டவர். 2022 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்தது. மே மாதத்தில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. உங்கள் கதைக்கும் அந்தப் பொடியைப் போல ஒரு விவரம் வேண்டும், கையை நிறுத்தியிருக்கக்கூடிய, ஆனால் நிறுத்தாமல் போன ஒன்று. மரகதத்துக்கு அது காலியான சிறுநீர்ப் பை.

இரண்டாம் படி: தவறிலிருந்து குற்றவுணர்வைப் பிரித்தெடுங்கள்

தவறும் குற்றவுணர்வும் ஒன்றல்ல. தவறு ஓர் இரவில் முடிந்துவிடுகிறது. குற்றவுணர்வு பல ஆண்டுகள் தொடர வேண்டுமானால், அந்தத் தவறுக்குப் பின் அவள் தெரிந்தே செய்த ஒரு செயல் தேவைப்படுகிறது.

விடியற்காலை நான்கு மணிக்கு, டியூட்டி டாக்டர் வந்து போன பிறகு, மரகதம் கேஸ் ஷீட்டைத் திறக்கிறாள். 2 மணிக்கான வரிசையில் மூச்சுக் கட்டம் காலியாக இருக்கிறது. அதில் 18 என்று எழுதுகிறாள். அவ்வளவுதான். இந்த 18-தான் கதை. பேய் வருவதும் அந்த எண்ணுக்காகவே.

ஏன் எழுதினாள் என்பதற்கு வலுவான காரணம் வேண்டும். தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளில் செவிலியர்கள் பலர் ஒப்பந்தப் பணிக்கான தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரப் பணிக்கான காலமுறை ஊதியத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். மரகதத்தையும் அந்தக் காத்திருப்பில் வையுங்கள். அதுவன்றி, ஒவ்வொரு தாய் மரணமும் இங்கே விசாரணைக்கு உள்ளாகிறது. மருத்துவமனைக் குறிப்புகளோடு வீட்டாரின் வாய்மொழியும் கேட்டுப் பதியப்படுகிறது. ஒரு கட்டத்தில் 18 என்ற எண்ணும், இன்னொரு தாளில் "எம்புள்ள மூச்சு ஒரு மாதிரி இருந்துச்சு, மூணு தடவ கூப்பிட்டேன்" என்ற சொல்லும் ஒரே மேசையில் எதிரெதிராக வைக்கப்படும் காட்சியை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். எண் வென்றது, தாயின் சொல் தோற்றது. பேய் என்பது அந்தத் தோற்ற சாட்சியம் மறுபடி எழுந்து வருவதே.

செவிலியர் பயிற்சியில் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் சடங்கும் உங்களுக்கு உதவும். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரைத் தாங்கிய அந்த உறுதிமொழியை அவர் எழுதவில்லை. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில், லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. தீங்கு தரும் மருந்தைத் தெரிந்தே கொடுக்கமாட்டேன் என்று அதில் வருகிறது. "தெரிந்தே" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மரகதம் இத்தனை ஆண்டுகளும் ஒளிந்திருக்கிறாள் என்று வைத்துக்கொண்டால், கதை நெடுக அவளுடைய தற்காப்பு எப்படிப் பேசும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மருத்துவப் பிழைக்குப் பின் நொறுங்கிப்போகும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் "இரண்டாவது பாதிக்கப்பட்டவர்" என்று 2000-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்னும் அமெரிக்க மருத்துவர் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் குறிப்பிட்டார். அச்சொல் உலகெங்கும் பரவியது. 2019-இல் அதே இதழில், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சார்பில், அச்சொல்லைக் கைவிட வேண்டும் என்று எழுதப்பட்டது. இரு தரப்பையும் படியுங்கள். செவிலியரின் வேதனையை எழுதும் ஆர்வத்தில், பிள்ளையை இழந்த தாயைக் கதையின் அலங்காரப் பொருளாக ஆக்கிவிடும் ஆபத்து இந்த வகைக் கதைகளில் மிக அதிகம். மரகதத்துக்கு ஒரு பெயர் இருப்பதுபோல் இறந்த பெண்ணுக்கும் அவள் தாய்க்கும் பெயரும் ஊரும் பிடித்த உணவும் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: வார்டை அதன் சொற்களால் கட்டுங்கள்

மருத்துவமனையை வெளியிலிருந்து பார்த்து எழுதினால், டெட்டால் வாடையும் வெள்ளைச் சுவரும்தான் வரும். உள்ளே இருப்பவர்களின் சொற்களைச் சேகரியுங்கள். பணி மாறும்போது ஒருவர் மற்றவருக்கு நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பதை "ஓவர் கொடுப்பது" என்பார்கள். கேஸ் ஷீட், ரிப்போர்ட் புக், எமர்ஜென்சி ட்ரே, சக்ஷன், ஆம்பு பேக், டிரிப் ஸ்டாண்டு, யூரின் பேக் ஆகிய பெயர்களைத் தமிழாக்கம் செய்து வாசகரை அந்நியப்படுத்த வேண்டியதில்லை. மரகதத்தின் வாயில் அவை எப்படி வருமோ அப்படியே வரட்டும்.

இரவின் நேரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒலி உண்டு. பத்து மணிக்கு மாத்திரைத் தள்ளுவண்டியின் சக்கரம், பதினொன்றுக்குக் கடைசிச் சோற்றுத்தூக்கு கழுவப்படும் ஓசை, பன்னிரண்டுக்குப் பிறகு மின்விசிறியும் இருமலும், மூன்றிலிருந்து ஐந்துக்குள் உடல் தன் விழிப்பின் அடித்தளத்தைத் தொட்டு எல்லோரையும் ஒருசேரத் தூக்கம் இழுக்கும் நேரம், ஐந்தரைக்குக் காப்பித் தூக்கோடு வரும் முதல் ஆள். இந்த வரிசையை முதல் சில பக்கங்களில் வாசகரின் காதில் பதித்துவிட்டால், பின்னால் ஓர் ஒலி இடம் மாறி ஒலித்தாலே போதும். மூன்று மணிக்குச் சோற்றுத்தூக்கு கழுவப்படும் ஓசை கேட்கிறது என்று எழுதுங்கள். அதற்கு மேல் நீங்கள் எதையும் செய்ய வேண்டியதில்லை.

இறந்தவர்களுக்குச் செவிலியர் செய்யும் கடைசிப் பணியையும் அறிந்துகொள்ளுங்கள். கண்களை மூடி, தாடையைக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, பெயர்ச்சீட்டை இணைத்து, உடலை அனுப்பிவிட்டு, கட்டிலைக் கிருமிநாசினியால் துடைத்துப் புது விரிப்பைப் போடுகிறார்கள். சற்று நேரத்தில் அதே கட்டிலில் வேறொருவர் வந்து படுக்கிறார். வீடுகளில் ஒரு சாவுக்குப் பதினாறு நாள் துக்கம் உண்டு. வார்டில் ஒரு விரிப்பு மாற்றும் நேரம்தான். துக்கத்துக்கு நேரம் ஒதுக்கப்படாத இடம் என்பதால்தான், பேய்க் கதைக்கு மருத்துவமனை சுடுகாட்டைவிடப் பொருத்தமான இடம் என்று நான் நினைக்கிறேன்.

நான்காம் படி: பேய்க்குச் சட்டம் வகுத்துக்கொள்ளுங்கள்

பேயால் எதுவும் முடியும் என்றால் வாசகருக்கு எதிலும் பதற்றம் இராது. அது எப்போது வரும், என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முன்னரே முடிவு செய்யுங்கள். அந்தச் சட்டங்களைத் தவறிலிருந்தே எடுங்கள்.

பேய் யார் என்பதே முதல் கேள்வி. இறந்த பெண்ணே வருவாள் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் அவளுடைய தாயைத் தேர்ந்துகொள்கிறேன்; மகள் போன சில ஆண்டுகளில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அழைத்தவள் அவள்தானே, அழைப்புக்குத்தானே பதில் வரவில்லை. அரசு மருத்துவமனையின் ஒரு நடைமுறை இதற்கு அருமையாக இடம் தருகிறது: நோயாளிகளை ஒவ்வொரு பணி மாற்றத்திலும் எண்ணுகிறார்கள், துணைக்கு இருப்பவர்களை அப்படி எண்ணுவதில்லை. கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாக்களும் மாமியார்களும் யாருடைய கணக்கிலும் இல்லை. ஆகவே மரகதத்தின் பேய், வெள்ளுடையும் விரிந்த தலைமுடியுமாக வர வேண்டியதில்லை. ஆறு கட்டில்கள், ஆறு நோயாளிகள், ஏழு பாய்கள்.

அந்தக் காட்சியை எழுதும்போது இவ்வளவு போதும்:

மரகதம் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, யாரையும் மிதித்துவிடாமல் நடந்தாள். ஐந்தாம் கட்டிலின் அடியில் இருவர் படுத்திருந்தார்கள். ஒருவரைத்தான் அனுமதிப்போம் என்று காலையில் சொல்லிக்கொள்ளலாம் என நினைத்தாள். மேசைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான், ஐந்தாம் கட்டில் பெண்ணுக்குத் துணைக்கு யாரும் வரவில்லை என்று மாலையில் ஓவர் எடுத்தபோது சொன்னது நினைவுக்கு வந்தது.

நம் மரபில் இதற்கு முன்மாதிரி உண்டு. பழையனூர் நீலியை நினைத்துப் பாருங்கள். முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைத் தேடி வரும் அவள், கோரப் பல்லோடு பாய்ந்துவிடவில்லை. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர்" என்று ஊர்ச் சபையின் முன் வந்து நிற்கிறாள். எழுபது வேளாளர்கள் அவள் பேச்சை நம்பி, அவனுக்கு ஏதும் நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாக வாக்களிக்கிறார்கள். நேர்ந்தபோது வாக்கின்படி தீப் பாய்கிறார்கள். நீலியின் வலிமை அவள் கொண்டுவந்த முறையீட்டில் இருக்கிறது. தமிழ்ப் பேய் வழக்காட வருகிறது. உங்கள் பேய்க்கும் ஒரு முறையீடு வேண்டும், அது நியாயமான முறையீடாகவும் இருக்க வேண்டும்.

கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கத்தையும் இந்தக் கதைக்குள் கொண்டுவரலாம். நிற்க வைத்த இரண்டு கற்கள், மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு நடப்பவர்கள் பிறர் உதவியில்லாமல் இறக்கி வைக்க ஏற்ற உயரம். சுமையை இறக்காமலே போன பெண்ணுக்காக, வழிப்போக்கர்களின் சுமையை இறக்க ஏற்படுத்தப்படும் கல். அந்தத் தாய் தன் ஊருக்கு வெளியே, மரகதத்தின் பேருந்து நிற்கும் இடத்தில், அப்படி ஒன்றை நட்டிருந்தால், மரகதம் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பணிக்கு வர வேண்டியிருக்கும்.

அடுத்த சட்டம், பேயின் வருகை உடலில் எப்படி உணரப்படும் என்பது. பேய் வந்தால் குளிரும் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மெக்னீசியம் சல்ஃபேட் இரத்தக்குழாயில் ஏறும்போது நோயாளிக்கு முகமும் உடலும் சூடேறுவதுபோல் இருக்கும். எனவே இந்தக் கதையில் பேய் வந்தால் சுட வேண்டும். அதன் அணுகுமுறையும் மருந்தின் வரிசையிலேயே செல்லட்டும்: முதல் பகுதியில் மரகதத்தின் முழங்கால்கள் படிக்கட்டில் அவளுக்குக் கட்டுப்படாமல் போகின்றன, இரண்டாம் பகுதியில் மூச்சு, மூன்றாம் பகுதியில் நெஞ்சு. வாசகருக்கு இந்த வரிசையைச் சொல்லவே வேண்டாம். கதைக்குள் இருக்கும் இன்னொரு செவிலியர் அதைக் கண்டுபிடித்து, "சிஸ்டர், இது மேக் சல்ஃப் மாதிரியே இருக்கே" என்று சாதாரணமாகச் சொல்லும் வரை காத்திருங்கள்.

ஐந்தாம் படி: ஐயத்தை அணையவிடாதீர்கள்

கதையின் பாதி வரை, ஒவ்வொரு நிகழ்வுக்கும் இயல்பான விளக்கம் ஒன்றும் இருக்க வேண்டும். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குபவர்களின் உறக்கம் சிதறுகிறது. சிதறிய உறக்கத்தில், விழித்தும் உடலை அசைக்க முடியாமல், மார்பில் யாரோ அமர்ந்திருப்பதுபோல் தோன்றும் நிலை வரக்கூடும். நம் ஊர்களில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். மருத்துவம் உறக்க முடக்கம் என்கிறது. இடைவிடாமல் ஒலிக்கும் கருவிகளுக்கு நடுவில் வேலை செய்பவர்களுக்கு அந்த ஒலி காதில் பழகி மங்கிப்போவதும், வீட்டுக்குப் போன பிறகு இல்லாத ஒலி கேட்பதும் உண்டு. 1998-இல் விக் டாண்டி என்னும் ஆங்கிலப் பொறியாளர், தாம் பணிபுரிந்த ஆய்வுக்கூடத்தில் ஏற்பட்ட அச்சத்துக்கும் ஓரக்கண்ணில் தெரிந்த சாம்பல் உருவத்துக்கும், காற்றை வெளியேற்றும் விசிறி எழுப்பிய, காதுக்கு எட்டாத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணம் என்று எழுதினார். அது மருத்துவக் கருவிகளை வடிவமைக்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் என்பது நம் கதைக்குக் கிடைத்த நற்பேறு.

இந்த விளக்கங்களை மரகதமே தனக்குச் சொல்லிக்கொள்ளட்டும். படித்தவள், அறிவியல் தெரிந்தவள், எதையும் எளிதில் நம்பாதவள். பாதிக் கதை முடியும் இடத்தில், எந்த விளக்கமும் பொருந்தாத ஒரே ஒரு நிகழ்வை வையுங்கள். என் கதையில் அது, அன்றைய நாளுக்கான புதிய கேஸ் ஷீட்டில், இன்னும் வராத 2 மணிக்கான கட்டத்தில், அவளுடைய கையெழுத்திலேயே 18 என்று இருப்பது.

ஆறாம் படி: பேச்சைக் குறையுங்கள், சரியாக வையுங்கள்

வார்டில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதில் தவறக்கூடாது. நோயாளிகளின் வீட்டார் "சிஸ்டர்" என்றோ "சிஸ்டரம்மா" என்றோ அழைப்பார்கள். வயதானவர்கள் "நர்சம்மா" என்பார்கள். தன் மகள் வயதுள்ள செவிலியரையும் அந்தத் தாய் "அம்மா" என்றுதான் விளிப்பாள், ஏனென்றால் அவள் கெஞ்சும் இடத்தில் நிற்கிறாள். மரகதம் அவளிடம் "போய் உட்காருங்கம்மா, வர்றேன்" என்பாள். பேய் பேசும்போது உரத்த சாபங்களோ செந்தமிழ் வசனங்களோ வேண்டாம். உயிரோடு இருந்தபோது சொன்ன அதே வாக்கியம், அதே பணிவோடு, மறுபடி வரட்டும்: "சிஸ்டரம்மா, எம்புள்ள மூச்சு ஒரு மாதிரி இருக்கு, கொஞ்சம் வந்து பாருங்கம்மா." பணிவு மாறாமல் இருப்பதுதான் அதைத் தாங்க முடியாததாக ஆக்குகிறது.

நம் மொழி இந்தக் கதைக்கென்றே ஒன்றை வைத்திருக்கிறது. விடைபெறும்போது நாம் போகிறேன் என்று சொல்வதில்லை, "வர்றேன்" என்கிறோம். அழைப்புக்குப் பதிலாகச் சொல்வதும் "வர்றேன்"தான். மரகதம் அன்றிரவு மூன்று முறை சொல்லிவிட்டு வராமல்போன சொல் அது. ஒவ்வொரு முறையும் பேய் நீங்கும்போது, வாசலில் நின்று, ஊர்ப் பெண்கள் விடைபெறும் அதே இயல்போடு, "வர்றேன் சிஸ்டரம்மா" என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஏழாம் படி: கடிகாரத்தை ஓடவிடுங்கள்

குற்றவுணர்வு மட்டும் இருந்தால் அது அகக் கதை. திகில் கதை ஆவதற்கு, இன்றைக்கு, இந்த இரவில், ஓர் உயிர் ஊசலாட வேண்டும். இறந்தவளின் உறவினர் ஒருத்தியே அதே வார்டில் வந்து சேர்வதாக எழுத ஆசை எழும். விட்டுவிடுங்கள், தற்செயல் கதையை நடத்தத் தொடங்கினால் குற்றவுணர்வுக்கு வேலையில்லாமல் போகும். முன்பின் தெரியாத ஒரு பெண் போதும். அவளுக்கும் அதே மருந்து, மாலை 6, இரவு 10, பின்னிரவு 2, காலை 6. மருந்தே உங்களுக்கு அத்தியாயங்களைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. இப்போது மரகதம் மூத்தவள். ஊசி போடுபவள் புதிதாகச் சேர்ந்த இளம் செவிலியர். 1.40-க்குப் பக்கத்து அறையிலிருந்து கூச்சல் கேட்கிறது. அந்த இளம்பெண் எழுந்து ஓடியபடியே, ஏழாவது பாயிலிருந்து எழுந்து வந்து நிற்கும் யாரோ ஒருத்தியிடம், "வர்றேன்மா" என்கிறாள்.

எட்டாம் படி: ஒரு செவிலியரிடம் படித்துக் காட்டுங்கள்

இதை அச்சுக்குப் போகும் முன் செய்யும் சடங்காக வைத்துக்கொள்ளாமல், பாதி எழுதியிருக்கும்போதே செய்யுங்கள். மருந்தின் அளவையும் நடைமுறையையும் அவர் திருத்துவார். அதைவிட முக்கியமாக, எந்த இடத்தில் அவர் பேசாமல் இருக்கிறார் என்று கவனியுங்கள். அவருடைய அனுபவங்களைக் கேட்டுக் கதையில் பயன்படுத்துவதாக இருந்தால் வெளிப்படையாக அனுமதி கேளுங்கள். நோயாளி எவரையும் அடையாளம் காட்டும் விவரத்தை அவர் தாமே சொன்னாலும் எழுதாதீர்கள்.

ஒன்பதாம் படி: முடிவை வார்டுக்குள்ளேயே தேடுங்கள்

மந்திரவாதியும் வேப்பிலையும் வந்து பேயை ஓட்டிவிட்டால், தாயின் முறையீடு இரண்டாவது முறையும் தள்ளுபடியாகிறது. செவிலியரின் சாவில் கதையை முடிப்பதையும் நான் ஏற்கமாட்டேன். குற்றவுணர்வில் உண்மையாகவே தவிக்கும் ஒருவர் அந்தப் பக்கத்தைப் படிக்கக்கூடும், அவருக்கு அது ஒரு வழியாகத் தோன்றிவிடக்கூடாது. பேய் மன்னித்துப் புன்னகைத்து மறைவதும் வேண்டாம். மன்னிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்ற கேள்வியை எழுத்தாளர் தீர்த்துவைக்க முடியாது.

தொடங்கிய இடத்தில்தான் முடிவு கிடக்கும். மருத்துவக் குறிப்பில் தவறாக எழுதியதைத் திருத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. எழுதியதன் குறுக்கே ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி, பக்கத்தில் சரியானது, அதன் பக்கத்தில் கையெழுத்து, தேதி, நேரம். இளம் செவிலியர் சுத்தியலோடு கட்டிலருகே நின்று முழங்காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த 2 மணிக்கு, மரகதத்தைப் பதிவேட்டு அறைக்கு அனுப்புங்கள். பழைய தாள்கட்டுக்குள்ளிருந்து அந்தக் கேஸ் ஷீட்டை எடுக்கட்டும். 18-இன் மேல் ஒரு கோடு போடட்டும். பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதி, இன்றைய தேதியை இடட்டும். வாசலில் நிற்பவள் அதன்பின் விடைபெறுகிறாளா, விடைபெற்றால் எந்தச் சொல்லைச் சொல்லிப் போகிறாள் என்பதை, கடைசி வரியை எழுதும் அன்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.